இலை பொன்னாயிற்று!

பனையோலையை ஒரு விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, இறுகச் சுருட்டி, காதுத் துளையிலே செருகிக்கொண்டாள் நம் பாட்டிக்குப் பாட்டி. சுருட்டிய ஓலை தன் இயல்பால் விரிய முயலும். விரிய விரியத் துளை பெருகும். துளை பெருகப் பெருகப் பெரிய சுருளுக்கு இடம் கிடைக்கும். அவள் கண்ட அணி அது! விலை கொடுத்து வாங்கியதல்ல. கொல்லையிலே நின்ற பனை கொடுத்தது. காய்ந்துபோனால் எறிந்துவிட்டு வேறொன்று செருகலாம். களவு போகுமோ என்ற கவலை இல்லை. அடகுக்கடை வாயிலிலே நிற்கும் அவலமும் இல்லை. 'காதோலை' என்பது அதன் பெயர்.

பிறகு பொன் வந்தது. பொன்னைத் தட்டித் தகடாக்கி, ஓலையைச் சுருட்டியது போலவே சுருட்டி, அதே துளையிலே அணிந்தனர். பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை. பொன்னாலான அணியும் 'ஓலை' என்றே அழைக்கப்பட்டது. மரத்தின் பெயரை மறைக்கப் பொன்னாலும் முடியவில்லை!

வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்போருக்கு நாம் கல்வெட்டைக் காட்டுகிறோம், செப்பேட்டைக் காட்டுகிறோம். அவற்றினும் பழைய ஏடு ஒன்றுண்டு. அதுதான் சொல்! புராணம் பொய் பேசும். மெய்க்கீர்த்தி மிகைபடப் பேசும். சொல்லோ, அதைப் பேசுகிறவனே அறியாமல், உண்மையைச் சுமந்துகொண்டு வரும். நம் வீட்டு நகைப்பெட்டியைத் திறந்து, அதிலுள்ள பெயர்களை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

தோடு என்கிறோம். தோடு என்றால் பூவிதழ். ஓலைக்கும் அது பெயர். குழை என்கிறோம். குழை என்றால் தளிர். மேற்காதில் அணிவது கொப்பு; கொப்பு என்றால் கிளை. கழுத்திலே கிடப்பதும் இடையிலே கிடப்பதும் கொடி. கொடி எங்கே படரும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். மணி என்றால் நெல்மணியும் மணிதான், நீலமணியும் மணிதான். முத்து என்றால் கடல்முத்தும் முத்துதான், ஆமணக்குமுத்தும் முத்துதான். மாங்காய் மாலை, மல்லிகை அரும்பு மாலை, நெல்லிக்காய் மணி, சடையிலே சூடும் தாழம்பூ - நகைப்பெட்டியா இது, நந்தவனமா?

பெண்ணுக்கே கோதை என்று பெயரிட்டது தமிழ். கோதை என்றால் பூமாலை. மதுரைக்கு அருகே தேனூரில் 2009ஆம் ஆண்டு பொற்கட்டிகள் சில கிடைத்தன. அவற்றிலே தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்த சொல் எது தெரியுமா? கோதை! இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பொன்னின் மேனியிலே, பூமாலையின் பெயர்.

இந்தப் பெயர்கள் எதைக் காட்டுகின்றன? அணிகலன் வானத்திலிருந்து வழங்கப்பட்டதல்ல என்பதைக் காட்டுகின்றன. தேவலோகத்துத் தச்சன் ஒருவன் இருந்தான், அவன்தான் கைவினையெல்லாம் கற்பித்தான் என்று கதை கட்டி வைத்தனர். கதை கட்டியவர் கையிலே காய்ப்பு இல்லை. அதனாலே கைவினை எப்படிப் பிறக்கிறது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். மனிதன் இலையைப் பார்த்தான். நரம்பு ஓடும் நேர்த்தியை, இதழ் அடுக்கின் ஒழுங்கை, அரும்பின் திரட்சியை, கொடியின் சுருளைக் கண்ணால் கற்றான், கையால் செய்தான். அவனுக்கு ஆசான் செடி. அவனுடைய பள்ளிக்கூடம் வயல்வரப்பு.

சங்க இலக்கியம் இதற்குச் சான்று பகரும். அக்காலத்துப் பெண்கள் தழையைத் தொடுத்து ஆடையாக உடுத்தினர். பூவைத் தொடுத்துத் தலையிலே சூடினர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அத்தனை மலர்களையும் பெயரிட்டு அழைக்கும் அளவுக்குச் செடிகொடிகளை அறிந்திருந்தது அந்தச் சமுதாயம். மணிமுடி தரித்த மன்னரும் பூவுக்குத் தலைவணங்கினர். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. நிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, படையெடுக்க வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, எதிர்நின்று பொருதத் தும்பை, வென்றுவிட்டால் வாகை. அரசியல் முழுவதும் பூவின் மொழியிலே நடந்தது.

அந்தப் பூ பொன்னாக மாறும் கட்டத்தையும் புறநானூறு காட்டுகிறது. பேய்மகள் இளவெயினி என்ற பெண்பாற்புலவர், சேரமான் பாலைபாடிய பெருங்கடுங்கோவைப் பற்றிப் பாடிய பாட்டிலே, பாடினி பல கழஞ்சு எடையுள்ள பொன்னணி பெற்றாள், பாணன் வெள்ளி நாரிலே தொடுத்த பொற்பூப் பெற்றான் என்ற செய்தி வருகிறது. வெள்ளியால் நார், பொன்னால் பூ! வாழைநாரிலே பூத்தொடுக்கும் கையைப் பார்த்தவன்தான் வெள்ளியைக் கம்பியாக இழுத்து நாராக்கியிருக்க முடியும். பொற்றாமரை பெற்ற பாணனைப் பாட்டு நமக்கு அறிமுகப்படுத்துகிறது. அந்தத் தாமரைக்கு இதழ் தட்டியவன் யார்? பாட்டிலே அவனுக்கு இடமில்லை.

இன்னொரு பாட்டும் நம் நெஞ்சைத் தொடுகிறது. ஊன்பொதி பசுங்குடையார் சோழன் இளஞ்சேட்சென்னியிடம் பரிசிலாக நகைகள் பெற்றார். வீட்டிலே பசியும் பட்டினியுமாகக் கிடந்த சுற்றத்தார் அவற்றைக் கண்டனர். விரலில் அணிவதைக் காதிலே மாட்டினர்; காதுக்குரியதை விரலிலே செருகினர்; இடுப்புக்குரியதைக் கழுத்திலே போட்டுக்கொண்டனர். புலவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். நமக்கோ நகைக்கத் தோன்றவில்லை. எந்த நகை எந்த உறுப்புக்கு என்பதுகூடத் தெரியாத அளவுக்குப் பொன்னைக் கண்ணாலும் காணாத குடும்பங்கள் அந்தப் 'பொற்காலத்திலும்' இருந்தன என்றல்லவா அந்தப் பாட்டு சொல்லாமல் சொல்லுகிறது! சங்ககாலத்தைப் போற்றுகிற நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தாலியைப் பற்றியும் ஒரு சொல். சங்கப் பாடல்களிலே தாலி பெரும்பாலும் சிறுவர் அணி. புலிப்பல்லைக் கோத்த தாலியைப் பிள்ளைகள் அணிந்தனர். இளம் வயதிலேயே போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றி, தாலியைக் களையாத பருவத்தினன் என்று வியக்கிறது புறநானூறு. பிள்ளையின் கழுத்திலே கிடந்த அணி, பின்னாளில் பெண்ணின் கழுத்திலே கட்டாயமாயிற்று.

ஏட்டுச் சான்று போதாது என்போருக்கு மண் சான்று இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலே ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரே நடத்திய அகழ்வில், இறந்தோரைப் புதைத்த தாழிகளோடு பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. மெல்லிய நீள்வட்டத் தகடுகள், மேலே புள்ளிக்கோலம். நொய்யல் கரையிலே கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து, உருட்டி, துளையிட்டு, மெருகேற்றிய மணித்தொழிலின் ஒவ்வொரு கட்டமும் வெளிப்பட்டது. செய்து முடித்த மணி, பாதி செய்த மணி, துளையிடும்போது உடைந்த மணி எல்லாம் கிடைத்தன. கொடுமணத்து அணிகலனைப் பதிற்றுப்பத்து புகழ்கிறது. அந்தப் புகழுக்குப் பின்னாலே எத்தனை உடைந்த மணிகள், எத்தனை நொந்த விரல்கள் என்பதை மண் சொல்லிற்று.

இனி எடையைப் பார்ப்போம். பொற்கொல்லன் பொன்னை எதனால் நிறுத்தான்? விதையால்! சிவந்த மேனியும் கறுத்த முனையும் கொண்ட குன்றிமணி. ஒரே சிவப்பாகப் பளபளக்கும் மஞ்சாடி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பதே கழற்சி விதையின் பெயரிலிருந்து வந்தது என்பர் அறிஞர். இன்றைய கணக்கிலே ஏறத்தாழ 5 கிராம்.

அந்தக் கழற்சி விதையைத்தான் இலக்கியம் கழங்கு என்கிறது. ஒரே விதை, மூன்று கைகள்! சிறுமியர் கையிலே அது விளையாட்டு. வேலன் கையிலே அது குறிபார்க்கும் கருவி. காதலால் மெலிந்த பெண்ணைப் பார்த்து, கழங்கை உருட்டிவிட்டு, முருகன் அணங்கினான் என்று கூறி ஆட்டுக்குட்டியைப் பலி கேட்டான் அவன். பொற்கொல்லன் கையிலோ அது அளவு! இருவரும் ஒரே விதையைத்தான் எடுத்தனர். ஒருவன் அதைக் கொண்டு ஊரை மருட்டினான். மற்றவன் ஊருக்குக் கணக்குக் கற்பித்தான். பகுத்தறிவு என்பது வேறெங்கோ கடல் கடந்து வந்த சரக்கு என்று பேசுவோர், தட்டாரின் தராசுத் தட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்.

குன்றியும் மஞ்சாடியும் எவ்வளவு நுட்பமாக நிறுத்தன என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளே சான்று. 1010ஆம் ஆண்டை ஒட்டி, முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் அந்தச் சுவர்களிலே இருக்கிறது. ஏகவல்லி, பதக்கம், தோடு, வாளி, காறை என்று பெயர் பெயராக, கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும் என எடை எடையாக. 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல்லால் பொன் நிறுக்கப்பட்டது. முத்திலே வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனப் பல வகை. எந்த நகையில் எந்த வகை எத்தனை என்ற எண்ணிக்கையும் உண்டு. சரடு நீக்கி, அரக்கும் பிஞ்சும் சேர்த்து என்று நிறுத்த முறையையும் கல் சொல்லுகிறது. கணக்கிலே ஒரு குன்றி தவறவில்லை!

கொடுத்தவன் பெயர் இருக்கிறது, பெற்ற சாமியின் பெயர் இருக்கிறது, எடை இருக்கிறது, விலை இருக்கிறது. அந்தப் பட்டியலிலே செய்தவன் பெயரைத் தேடுகிறோம். இந்தத் தோட்டுக்கு இதழ் வைத்த கை எது, அந்தக் கொடிக்குக் கண்ணி கோத்த கண் எது என்று கேட்டால், கல் கல்லாகவே நிற்கிறது. கோயிலிலே பணி செய்ய அமர்த்தப்பட்டோர் வரிசையில் தட்டானும் கன்னானும் இரத்தினத் தையானும் வருகின்றனர். அவர்களுக்கு நெல்லளந்த கணக்கும் இருக்கிறது. நாட்டிலே இருந்த தட்டார்களிடமோ அரசு வரி வாங்கிற்று. 'தட்டாரப் பாட்டம்' என்று அந்த வரிக்குப் பெயர். செய்யும்போது கூலி, செய்தபின் வரி, புகழ் மட்டும் கொடுத்தவனுக்கு!

வரியோடு விட்டார்களா? இல்லை. கருவூரிலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வெளியான சோழராணை அது. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு வழங்கப்பட்டது. வழங்கிய சலுகைகள் எவை? நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், முரசு கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலுக்குச் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்! மன்னனின் தாராளத்தைக் காட்ட இதை மேற்கோள் காட்டுவோர் உண்டு. நாம் கல்வெட்டை மறுபுறமிருந்து படிக்கிறோம். ஆணை பிறக்கும் முன் அவர்கள் நிலை என்ன? அரசியின் காலுக்குச் சிலம்பு செய்தவன், தன் காலுக்குச் செருப்பு அணிய முடியாது. கோபுரத்துக்குக் கலசம் வார்த்தவன், தன் குடிசைச் சுவருக்குச் சாந்து பூச முடியாது. செருப்புப் போட ஒரு சோழமன்னனின் ஓலை வேண்டியிருந்தது!

சிலப்பதிகாரம் நம் காப்பியம். நாம் போற்றும் காப்பியம். ஆயினும் அங்கேயும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவன். ஆராயாமல் தீர்ப்பளித்தவன் பாண்டியன். அதன்பின் நாட்டிலே மழை பொய்த்தது, நோய் பரவிற்று என்று, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று அந்நூலே கூறுகிறது. ஒருவன் குற்றத்துக்கு ஆயிரவர் தலை! வானம் பொய்த்ததற்கும் வையையில் நீர் வற்றியதற்கும் கம்பி இழுக்கும் கைகள் என்ன செய்யும்? இது நடந்த செய்தியோ, புலவர் படைத்த செய்தியோ, எதுவாயினும் ஆகுக. ஒரு தொழிலைச் செய்யும் கூட்டத்தையே குற்றவாளியாக்கும் மனப்பான்மை அந்தக் காலத்திலே இருந்தது என்பதற்கு அது சான்று. கண்ணகியின் நீதியை மதிக்கிற நாம், அந்த ஆயிரவருக்கு நேர்ந்த அநீதியையும் அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இப்படி ஒடுக்கப்பட்டும், கை ஓயவில்லை. தட்டாரப் பட்டறைக்குள்ளே நுழைந்து பாருங்கள். கும்முட்டியிலே கரி கனன்றுகொண்டிருக்கும். ஊதுகுழலை வாயில் வைத்து, தீயின் நாக்கை ஊசிமுனையளவு இடத்துக்குத் திருப்புவார் அவர். பற்றவைக்க வெங்காரம்; சிறு துணுக்குகளை அசையாமல் நிறுத்தக் குன்றிமணியை அரைத்த பசை; அழுக்கெடுக்கப் புளி; மெருகுக்குப் பூந்திக்கொட்டை; உள்ளீடாக மரத்திலிருந்து கிடைக்கும் அரக்கு. செடியைப் பார்த்துச் செய்த நகைக்குச் செடியே துணைப்பொருள். இதழை இதழாகத் தட்டி, காம்பைக் காம்பாக முறுக்கி, அரும்பை அரும்பாக உருட்டி முடிக்கும்போது அவர் கண்ணிலே நீர் முட்டும். புகையால், வெப்பத்தால், வயதால்.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியிலே இன்றும் இந்தத் தொழில் நடக்கிறது. வெள்ளித் தகட்டிலே அடித்தளம் அமைத்து, அரக்கிட்டு, சிவப்புக் கெம்புக் கல்லைப் பதித்து, பொன்தாளால் ஓரம் கட்டுவர். மாங்காய் மாலையும் ராக்கொடியும் தாழம்பூவும் நெற்றிச்சுட்டியும் அங்கே பிறக்கின்றன. 'கோயில் நகை' என்று பெயர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இன்று நாட்டிய மேடையிலே ஒளிவீசும் இந்த நகை, ஒருகாலத்திலே யாருடைய மேனியில் கிடந்தது? சாமிக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்களின் மேனியில்! தலையிலே தாழம்பூ, கழுத்திலே மாங்காய் மாலை, அவற்றுக்கிடையே பொட்டு என்ற ஒரு சிறு அணி. அந்த ஒன்றைக் கட்டியதும் அவள் வாழ்வு அவளுடையதாக இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே, 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. நகையின் அழகை நாம் மறுக்கவில்லை. அழகுக்குள்ளே அடிமைத்தனத்தை ஒளித்து வைத்தவர்களைத்தான் மறக்கவில்லை.

அணியச் செய்தது ஒரு கொடுமை என்றால், அணியாதே என்றது மற்றொரு கொடுமை. திருவிதாங்கூரிலே புலையர் குலப் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. கல்லையும் கண்ணாடிமணியையும் கோத்த கனத்த மாலைகளைத்தான் கழுத்திலே சுமக்க வேண்டும். அந்த மாலை அணியன்று, அடையாளம். இன்ன சாதி என்று தொலைவிலிருந்தே கண்டுகொள்வதற்கான முத்திரை! 1915ஆம் ஆண்டு, அய்யன்காளியின் வழிகாட்டுதலால், கொல்லம் பகுதியிலே பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். பெரிநாட்டிலே கலவரம் மூண்டது, குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆனால் அறுத்த மாலை மீண்டும் கழுத்தேறவில்லை.

அது அண்டை நாடு என்று ஆறுதல் கொள்ள நமக்கு உரிமை உண்டா? 1930ஆம் ஆண்டு டிசம்பரில், நம் இராமநாதபுரம் சீமையிலே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராயிருந்த ஹட்டன் அவற்றைத் தம் நூலிலே பதிந்திருக்கிறார். முதல் தடை: பொன்னணியும் வெள்ளியணியும் கூடாது. சட்டை கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. அந்தப் பட்டியலிலே இன்னொன்றும் இருந்தது. பெண்கள் பூச்சூடக் கூடாது!

தோழர்களே, இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். பொன் கூடாது என்றவன் பொறாமையால் சொன்னான் என்று விளக்கம் கூறலாம். பூ கூடாது என்றானே, அதற்கு என்ன விளக்கம்? பூ யாருடைய சொத்து? கொல்லையிலே தானாகப் பூத்ததை, தன் கையால் பறித்து, தன் கூந்தலிலே வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லை! ஓலையைச் சுருட்டிச் செருகிய நம் பாட்டிக்குப் பாட்டிக்கு இருந்த உரிமைகூட, இரண்டாயிரம் ஆண்டு நாகரிகம் பேசிய நாட்டிலே, அவளுடைய பேத்திகளிலே ஒருத்திக்கு மறுக்கப்பட்டது. இலை பொன்னாகிய வரலாற்றைப் பெருமையோடு சொன்னோம். பூவே குற்றமாகிய வரலாற்றையும் வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

சாதி செய்த கேடு இப்படி. அரசு ஆணைகளாலும் இத்தொழிலுக்குக் கேடு வந்தது. 1963ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்திலே புதுநகை செய்யக் கூடாது என்றது விதி. பெட்டியிலே தங்கத்தைப் பூட்டி வைத்திருந்தவன் பூட்டியே வைத்திருந்தான். பட்டறையிலே ஊதுகுழல் பிடித்தவன் பட்டினி கிடந்தான். நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வாடின. வாழ வழியின்றி உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 1966இல் அந்த 14 காரட் வரம்பு தளர்த்தப்பட்டது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ பட்டறைகளில் கும்முட்டி அணைந்துவிட்டது. பிள்ளைகள் வேறு தொழில் தேடிப் போய்விட்டனர். இன்று மெழுகு அச்சிலே வார்த்து, எந்திரம் ஒரே வேளையில் பல நகைகளைத் தள்ளுகிறது. எந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. புகையிலிருந்து மனிதனை மீட்டால் வரவேற்போம். ஆனால் மீட்கப்பட்ட மனிதனுக்கு வேலை எங்கே என்ற கேள்வியைக் கேட்காமலிருக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பின், நகையே வேண்டாம் என்று நாம் முடிக்கப் போகிறோம் என எண்ணுவோர் இருக்கலாம். அப்படியன்று. அழகை விரும்புவது மனித இயல்பு. இலையிலே அழகு கண்டவன் மனிதன்தான். அணிய விரும்புகிறவள் அணியட்டும்; விரும்பாதவள் விட்டுவிடட்டும்; இரண்டுக்கும் உரிமை அவளுடையது. நாம் எதிர்ப்பது கட்டாயத்தை. 'எத்தனை பவுன் போடுவீர்கள்?' என்று கேட்கிற அந்தக் கேள்வியை! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கேள்வி இன்னும் போகவில்லை. கேட்பவன் வேறு யாருமல்லன். மேடையிலே பகுத்தறிவு பேசுகிற இளைஞனின் தந்தை! சில வேளைகளில், அந்த இளைஞனே! தளிரையும் இதழையும் பார்த்து ஒருவன் ஆக்கிய அழகை, ஒரு பெண்ணின் விலைச்சீட்டாக மாற்றிய பாவம், தட்டாருடையதா, நம்முடையதா?

1967ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத் திருத்தம் என்ன சொல்லுகிறது? மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டால், மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். எது விருப்பமோ அது. ஒரு முழம் பூவுக்கும் ஒரு பவுன் பொன்னுக்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்பு! இலையிலிருந்து புறப்பட்டுப் பொன்வரை போன வரலாறு, மறுபடியும் பூவிடம் வந்து நிற்கிறது.

ஆகவே, அடுத்தமுறை ஒரு தோட்டைக் கையிலெடுக்கும்போது, அதன் எடையை மட்டும் பாராதீர்கள். இதழை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு செடி இருக்கிறது. செடியைக் கண்ட ஒரு கண் இருக்கிறது. செருப்பணிய ஆணை வேண்டி நின்ற ஒரு கால் இருக்கிறது. பூச்சூட உரிமை மறுக்கப்பட்ட ஒரு கூந்தலும் இருக்கிறது. பேரில்லாத அந்தத் தட்டாரைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் திருமணப் பேச்சிலே பவுன் கணக்கு எழுந்தால், அந்த இடத்திலேயே எழுந்து நின்று, 'கூடாது' என்று சொல்லுங்கள். கொல்லம் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிந்தபோது காட்டிய துணிவிலே பத்தில் ஒரு பங்கு போதும் அதற்கு!